வட்டாரத்தை வென்றது யார், சபையை ஆள்வது யார்: உள்ளூராட்சித் தேர்தல் முடிவை நீங்களே கணக்குப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

உள்ளூராட்சித் தேர்தல் இரவில் முதலில் வருவது வட்டார முடிவு, அதாவது சபை எல்லைக்குள் பிரிக்கப்பட்ட சின்னத் தொகுதிகளின் முடிவு. "எங்கட வட்டாரத்தை எடுத்திட்டம்" என்று யாராவது கைபேசியில் கத்துவார், பின்னால் வெடிச்சத்தம் கேட்கும். பத்து வட்டாரம் எடுத்தாயிற்று, பன்னிரண்டு எடுத்தாயிற்று என்று நள்ளிரவு வரை எண்ணிக்கொண்டிருப்பார்கள். விடிந்து பார்த்தால் அதே கட்சிக்குச் சபையில் பெரும்பான்மை இல்லை. ஒரு மாதம் கழித்து, இரண்டு வட்டாரம்கூட எடுக்காத கட்சிகள் எல்லாம் சேர்ந்து தவிசாளரை, அதாவது சபைத் தலைவரை, தெரிவு செய்துவிடுகின்றன. உடனே "வாக்கைத் திருடிவிட்டார்கள்" என்ற பேச்சு கிளம்பும்.

பெரும்பாலான நேரங்களில் யாரும் எதையும் திருடியிருக்க மாட்டார்கள். இலங்கையின் உள்ளூராட்சித் தேர்தல் முறையே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. முடிவுத் தாளை எந்த வரிசையில் வாசிக்க வேண்டும் என்று தெரிந்தால் சபையில் யாருக்கு எத்தனை ஆசனம் என்பதை அன்றிரவே ஒரு தாளும் பேனாவும் வைத்துக் கணக்குப் பார்த்துவிடலாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் போதும்.

முதலில், எந்த முறையில் வாக்களித்தோம்?

2011 வரை இருந்தது முழு விகிதாசார முறை. கட்சிக்கு ஒரு புள்ளடி, அப்புறம் வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்கு. அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு இரண்டு போனஸ் ஆசனம். அந்தக் காலத்து நினைவு இன்னும் பலருக்குப் போகவில்லை. அதனால்தான் இன்றைக்கும் பட்டியலில் (வட்டாரத்துக்கு வெளியே, வாக்கு விகிதப்படி கட்சி கொடுக்கும் பெயர்களுக்கு) கிடைக்கும் ஆசனங்களைப் "போனஸ்" என்று சொல்கிறார்கள். பத்திரிகைகளும் எழுதுகின்றன. இப்போதைய முறையில் போனஸ் என்று ஒன்று இல்லவே இல்லை. அந்தச் சொல்லை மறந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2012 இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது வட்டாரத்துக்கு 70 வீதம், பட்டியலுக்கு 30 வீதம் என்று வைத்திருந்தார்கள். 2017 இல் மறுபடி திருத்தி 60:40 ஆக்கினார்கள். அந்தக் கலப்பு முறையில் முதல் தேர்தல் 2018 பெப்ரவரி 10 அன்று நடந்தது. 2023 மார்ச்சில் நடக்க இருந்த அடுத்த தேர்தல் நிதி இல்லை என்று தள்ளிப்போய், கடைசியில் 2025 மே 6 அன்று நடந்தது.

இந்த முறையில் வாக்காளருக்கு ஒரே ஒரு புள்ளடிதான். விருப்பு வாக்கு கிடையாது. வாக்குச்சீட்டில் கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும் மட்டும் இருக்கும். ஆனால் அந்த ஒரு புள்ளடி இரண்டு இடத்தில் எண்ணப்படுகிறது. ஒன்று, உங்கள் வட்டாரத்தில் வெல்வது யார் என்பதற்கு. இன்னொன்று, முழுச் சபையிலும் அந்தக் கட்சிக்கு மொத்தம் எத்தனை ஆசனம் என்பதற்கு. உங்கள் வேட்பாளர் வட்டாரத்தில் தோற்றுப்போனாலும் அந்த வாக்கு இரண்டாவது கணக்கில் உயிரோடுதான் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

படி 1: நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

தொலைக்காட்சித் திரையில் எத்தனையோ எண்கள் ஓடும். உங்களுக்குத் தேவை நான்கு:

- சபையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கை (வட்டாரமும் பட்டியலும் சேர்த்து)
- சபை முழுவதிலும் செல்லுபடியான வாக்குகள்
- ஒவ்வொரு கட்சியும் குழுவும் சபை முழுவதிலும் பெற்ற வாக்குகள்
- ஒவ்வொருவரும் வென்ற வட்டார ஆசனங்கள்

பதியப்பட்ட வாக்காளர் தொகை, அளிக்கப்பட்ட வாக்குகள், நிராகரிக்கப்பட்ட வாக்குகள் எல்லாம் மக்கள் எவ்வளவு ஆர்வமாக இருந்தார்கள் என்று பேசுவதற்கு உதவும். ஆசனக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. வகுப்பது எப்போதும் செல்லுபடியான வாக்கைத்தான். நிராகரிக்கப்பட்டதையும் சேர்த்து வகுத்துவிட்டு "அரச கணக்கு பிழை" என்று சண்டைக்கு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். விடிய விடிய வாதாடினார்.

இன்னொன்று, வட்டாரங்களை எண்ணாதீர்கள், வட்டார ஆசனங்களை எண்ணுங்கள். சில வட்டாரங்களுக்கு இரண்டு உறுப்பினர்கள், மிகச் சிலவற்றுக்கு மூன்று. அப்படிப்பட்ட வட்டாரத்தில் முதலிடம் பெறும் கட்சி அந்த இரண்டையும் அல்லது மூன்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் இடத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுப்பதில்லை.

படி 2: தகைமை எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இனி ஒரு கற்பனைச் சபையை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் நான் போட்டவை, கணக்கு மட்டும் உண்மையான முறை.

நம் பிரதேச சபைக்கு 20 உறுப்பினர்கள். வட்டாரத்தில் 12, பட்டியலில் 8. செல்லுபடியான வாக்குகள் 20,000. ஐந்து அணிகள் போட்டியிட்டன:

- அ கட்சி: 8,350 வாக்குகள், 10 வட்டாரம்
- ஆ கட்சி: 6,200 வாக்குகள், 1 வட்டாரம்
- இ கட்சி: 3,650 வாக்குகள், வட்டாரம் இல்லை
- ஈ சுயேச்சைக் குழு: 1,380 வாக்குகள், 1 வட்டாரம்
- உ கட்சி: 420 வாக்குகள், வட்டாரம் இல்லை

செல்லுபடியான 20,000 வாக்கை 20 உறுப்பினரால் வகுத்தால் 1,000. இதுதான் தகைமை எண். ஓர் ஆசனத்தின் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பது மொத்த உறுப்பினர் தொகையால் என்பதைக் கவனியுங்கள். பட்டியல் ஆசனம் 8 தானே, 8 ஆல் வகுக்கலாமே என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 8 ஆல் வகுத்தால் வேறொரு தேர்தல் முறைக்குப் போய்விடுவோம். அதில் வட்டாரம் ஒரு கணக்கு, பட்டியல் இன்னொரு தனிக் கணக்கு. பெரிய கட்சிக்கு இரண்டு பக்கமும் அள்ளிக்கொடுக்கும் முறை அது. இங்கே பட்டியல், வட்டாரத்தில் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வைச் சமன் செய்வதற்காக வைக்கப்பட்டது.

படி 3: ஒவ்வொருவருக்கும் உரித்தான ஆசனம் எத்தனை?

ஒவ்வொரு அணியின் வாக்கையும் 1,000 ஆல் வகுத்து, முழு எண்ணையும் மிச்சத்தையும் தனித்தனியே எழுதுங்கள்.

- அ: 8, மிச்சம் 350
- ஆ: 6, மிச்சம் 200
- இ: 3, மிச்சம் 650
- ஈ: 1, மிச்சம் 380
- உ: 0, மிச்சம் 420

முழு எண்களைக் கூட்டினால் 18. இன்னும் 2 ஆசனம் இருக்கிறது. அவை மிச்சம் அதிகமாக இருப்பவர்களுக்கு வரிசையாகப் போகும். முதலாவது 650 வைத்திருக்கும் இ கட்சிக்கு. இரண்டாவது யாருக்கு? 420 வைத்திருக்கும் உ கட்சிக்கு.

இந்த இடத்தில்தான் ஆட்கள் கொதிப்பார்கள். மொத்தமே 420 வாக்கு எடுத்த கட்சிக்கு ஓர் ஆசனம்! 8,350 எடுத்த கட்சியின் மிச்சம் 350 வீணாகப் போகிறதே! ஆனால் அ கட்சி தன் 8,000 வாக்குக்கு உரிய எட்டையும் ஏற்கெனவே பெற்றுவிட்டது. மீந்த 350 ஐ உ கட்சியின் 420 உடன் ஒப்பிட்டால் 420 தான் பெரிது. நாடாளுமன்றத் தேர்தலில் 5 வீத வெட்டுப்புள்ளி இருப்பதால் இப்படிப்பட்ட சின்னக் கட்சிகள் வாசலிலேயே நின்றுவிடும். இங்கே அந்த வாசல் இல்லை. எந்தச் சபையை எடுத்துப் பார்த்தாலும் ஓர் ஆசனம், ஓர் ஆசனம் என்று வால்போல நீளும் வரிசைக்குக் காரணம் இதுதான். இது நல்லதா கெட்டதா என்று கேட்டால் நான் நல்லது என்பேன். ஆனால் அந்த ஓர் ஆசனக்காரரின் வீட்டு வாசலில் தவிசாளர் தெரிவு நாளில் எத்தனை வாகனம் நிற்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

சரி, இதுவரைக்கும் உரித்து: அ 8, ஆ 6, இ 4, ஈ 1, உ 1. கூட்டினால் 20. கூட்டி 20 வராவிட்டால் மேலே போகாதீர்கள், எங்கோ ஒரு மிச்சத்தைப் பிழையாக எழுதியிருக்கிறீர்கள்.

படி 4: வட்டாரத்தைக் கழியுங்கள்

உரித்தான எண்ணிலிருந்து வட்டாரத்தில் வென்றதைக் கழித்தால் மீதி பட்டியலில் கிடைப்பது.

- ஆ: 6 இல் 1 போக, பட்டியலில் 5
- இ: 4 இல் 0 போக, பட்டியலில் 4
- ஈ: 1 இல் 1 போக, பட்டியலில் எதுவும் இல்லை
- உ: 1 இல் 0 போக, பட்டியலில் 1

அ கட்சிக்கு வந்தால் கணக்கு இடறுகிறது. உரித்து 8, வென்றதோ 10. இரண்டு கூடிவிட்டது.

வென்ற வட்டாரத்தை யாரிடமிருந்தும் பிடுங்க முடியாது. மற்றக் கட்சிகளுக்கு உரியதையும் வெட்டுவதில்லை. ஆகவே சபையையே பெரிதாக்கிவிடுகிறார்கள். 20 பேர் சபை இந்தத் தவணைக்கு மட்டும் 22 பேர் சபையாகிறது. இப்படிக் கூடும் இரண்டையும் தொங்கு ஆசனம் என்பார்கள். "தொங்கு சபை" என்பது வேறு, யாருக்கும் பெரும்பான்மை இல்லாத சபை. இரண்டையும் போட்டுக் குழப்புவது செய்தி அறிக்கைகளிலேயே நடக்கிறது.

இறுதி முடிவு: அ 10, ஆ 6, இ 4, ஈ 1, உ 1. மொத்தம் 22.

பன்னிரண்டு வட்டாரத்தில் பத்தை அள்ளிய கட்சி, 22 பேர் சபையில் 10 பேரோடு உட்கார்ந்திருக்கிறது. மற்றவர்கள் ஒன்று சேர்ந்தால் 12. வெடி கொளுத்தியவர்கள் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். ஆனால் அதே சபையில் நூறு பேரில் 58 பேர் அ கட்சிக்கு வாக்களிக்கவில்லை என்பதும் உண்மை. வட்டாரத்தில் எதிர்வாக்கு சிதறியதால் அ கட்சி வென்றது, சபைக் கணக்கில் அந்தச் சிதறிய வாக்குகள் திரும்பவும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

கணக்கை இன்னொரு விதமாகவும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அ கட்சி 10 க்குப் பதில் 8 வட்டாரமும், ஆ கட்சி 1 க்குப் பதில் 3 வட்டாரமும் வென்றிருந்தால்? ஆ கட்சிக்கு அப்போதும் ஆறுதான், பட்டியலில் 5 க்குப் பதில் 3. இ, ஈ, உ மூன்றிலும் மாற்றமில்லை. அ மட்டும் 8 ஆகிறது, சபை 20 பேராகவே இருக்கிறது. அதாவது ஒரு கட்சி தன் உரித்துக்குள் நிற்கும்வரை அது எத்தனை வட்டாரம் வென்றது என்பது அதன் மொத்த ஆசனத்தை மாற்றுவதே இல்லை. உள்ளே போகும் ஆள் யார் என்பதைத்தான் மாற்றுகிறது.

படி 5: பட்டியலில் யார் வருவார்?

எண்ணிக்கை முடிந்ததும் தெரிவத்தாட்சி அலுவலர் (தேர்தலை நடத்தும் அதிகாரி) ஒவ்வொரு கட்சிச் செயலாளரிடமும், சுயேச்சைக் குழுவென்றால் அதன் தலைவரிடமும், பெயர்களைக் கேட்பார். வேட்புமனுவோடு கொடுத்த மேலதிகப் பட்டியலில் உள்ளவர்களைக் கொடுக்கலாம், வட்டாரத்தில் போட்டியிட்டுத் தோற்றவர்களையும் கொடுக்கலாம். பட்டியலின் வரிசைப்படிதான் கொடுக்க வேண்டும் என்றில்லை. மக்கள் நிராகரித்தவர் பின்கதவால் வருகிறார் என்ற குற்றச்சாட்டு ஒவ்வொரு முறையும் எழுவது இதனால்தான். ஐந்து வாக்கில் தோற்ற நல்ல வேட்பாளர் வருவதும் அதே கதவால்தான்.

பெண்களுக்கான 25 வீதமும் இந்தக் கட்டத்திலேயே நிரப்பப்படுகிறது. வேட்புமனுவில் வட்டார வேட்பாளர்களில் 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் பாதியும் பெண்களாக இருக்க வேண்டும். வட்டாரத்தில் பெண்கள் போதிய அளவு வெல்லாவிட்டால் குறையைப் பட்டியலிலிருந்து நிரப்பச் சொல்வார்கள். 20 வீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான உறுப்பினரும் பெற்ற அணிகளுக்கு இதில் விலக்கு உண்டு.

நம் கற்பனைச் சபையில் இது எப்படிச் சிக்குகிறது என்று பாருங்கள். ஈக்கும் உவுக்கும் விலக்கு. பத்து பேரை வைத்திருக்கும் அ கட்சிக்குப் பட்டியல் ஆசனமே இல்லை. அதன் பத்து வட்டாரத்திலும் ஆண்கள் வென்றிருந்தால் ஒரு பெண்ணைக்கூட உள்ளே கொண்டுவர வழியில்லை. 2018 இல் சில சபைகள் 25 வீதத்தைத் தொடாமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். அப்படியிருந்தும் அதற்கு முன் நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் கிடந்த பெண் உறுப்பினர் தொகை அந்தத் தேர்தலோடு 20 வீதத்தைத் தாண்டியது. இந்த முறையைத் திட்டுகிறவர்கள் இதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

படி 6: தவிசாளர் தெரிவு, அதாவது இரண்டாவது தேர்தல்

மொத்த உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் ஒரு கட்சியிடம் இருந்தால் மேயரையோ தவிசாளரையோ அந்தக் கட்சியே பெயரிட்டுவிடும். வேலை முடிந்தது. இல்லாவிட்டால் முதல் கூட்டத்தை உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டுவார், உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். பகிரங்க வாக்கெடுப்பா இரகசிய வாக்கெடுப்பா என்பதே முதல் சண்டையாக இருக்கும். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு.

2025 இல் நடந்த இரண்டு தெரிவுகளைப் பாருங்கள். கொழும்பு மாநகர சபையில் 117 உறுப்பினர்கள். தேசிய மக்கள் சக்தி 48 எடுத்து முதலிடத்தில் நின்றது, பாதிக்கு இன்னும் பதினொன்று தேவை. எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து மேயரைப் பிடிக்கும் என்ற பேச்சு பல வாரம் ஓடியது. ஜூன் 16 அன்று நடந்த இரகசிய வாக்கெடுப்பில் தேசிய மக்கள் சக்தியின் வ்ராய் கெலி பல்தசார் 61 வாக்கும் ஐக்கிய மக்கள் சக்தியின் ரிசா சரூக் 54 வாக்கும் பெற்றார்கள். 48 எப்படி 61 ஆனது? அந்தப் பதின்மூன்றுக்குத் தேர்தல் முடிவுத் தாளில் விடை கிடையாது.

யாழ்ப்பாணம் மாநகர சபையில் 45 பேர். இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 13, தமிழ்த் தேசியப் பேரவை சைக்கிள் சின்னத்தில் 12, தேசிய மக்கள் சக்திக்கு 10. மீதிப் பத்தும் சின்ன அணிகளிடம். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் ஓர் ஆசனம்தான் வித்தியாசம். மேயர் தெரிவில் தமிழரசுக் கட்சியின் வேட்பாளர் 19 க்கு 16 என்று வென்றார். 45 பேர் சபையில் 23 கூடத் தேவைப்படவில்லை, நடுநிலை வகிப்பவர்களும் முடிவைத் தீர்மானிக்கிறார்கள். நீங்கள் கணக்குப் பார்க்கும்போது "யார் யாரோடு சேருவார்" என்பதோடு "யார் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்" என்றும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

பழைய முடிவுகளோடு ஒப்பிடும்போது

இதில் நானே சறுக்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். 2011 ஆசனத்தையும் 2018 ஆசனத்தையும் பக்கத்தில் வைத்து "கட்சி இரட்டிப்பாக வளர்ந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். நாடு முழுவதிலும் உறுப்பினர் தொகை நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து எட்டாயிரத்துக்கு மேல் போய்விட்டது. கட்சி வளராவிட்டாலும் ஆசனம் கூடியிருக்கும். ஒப்பிடுவதென்றால் வாக்கு வீதத்தை ஒப்பிடுங்கள்.

அதிலும் சின்னத்தைப் பார்த்துத்தான். 2018 இல் வீட்டுச் சின்னத்துக்கு விழுந்த வாக்கு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எல்லாக் கட்சிகளுக்கும் சேர்த்து விழுந்தது. 2025 இல் அதே வீடு தமிழரசுக் கட்சிக்கு மட்டும், மற்றவர்கள் சங்குச் சின்னத்தில் தனியே நின்றார்கள். "வீடு சரிந்தது" என்று தலைப்புப் போடுவதற்கு முன் வீட்டுக்குள் அப்போது எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

படி 7: வரவு செலவுத் திட்டம் வரை தாளை எறியாதீர்கள்

மேயர் தெரிவானதும் பலர் கணக்குத் தாளைக் கசக்கிவிடுவார்கள். பெரும்பான்மை இல்லாத சபையில் அது டிசம்பரில் மறுபடி தேவைப்படும். வரவு செலவுத் திட்டம் இரண்டு தடவை தோற்றால் மேயர் பதவி வெறுமையாகிவிடும், புதிதாகத் தெரிவு நடக்கும். 2018 இல் யாழ்ப்பாணம் மாநகர சபைக்குத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்தில் 16 உறுப்பினரோடு முதலிடத்தில் வந்து மேயர் பதவியைப் பிடித்தது. 2020 டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் தோற்றது. அந்த மாதம் 30 ஆம் திகதி நடந்த தெரிவில் முன்னைய மேயருக்கு 20 வாக்கு, எதிர்த்து நின்ற விசுவலிங்கம் மணிவண்ணனுக்கு 21.